நாலு வாரக் கிறிஸ்துமஸ்

ஹாம்பர்க்,
9 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் நல்ல சுகம். இந்த ஊர் வீடுகளில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு என்னென்ன செய்கிறார்கள், அதில் எதையெல்லாம் நம் வீட்டில் செய்யலாம் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் அளவெல்லாம் மறந்துபோகும். அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்று. நம் ஊரில் இருபத்துமூன்றாம் தேதிதான் முறுக்கு, அதிரசம், கேக், நட்சத்திரம், குடில் எல்லாம் ஒரே மூச்சில் நடக்கும். பிள்ளைகள் காலில் மிதிபடாமல் இருந்தால் போதும் என்று வெளியே விரட்டிவிடுவோம். இங்கே வேலையை நாலு வாரத்துக்குப் பிரித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நாள், ஒரு நாளில் ஒரே வேலை. டிசம்பரில் காலை எட்டரை மணிக்குத்தான் சூரியன் வரும், நாலு மணிக்குப் போய்விடும். மாலை முழுக்கப் பிள்ளைகள் வீட்டுக்குள்தான். கைவேலை இவ்வளவு பெருகியதற்கு அந்த இருட்டும் ஒரு காரணம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் திருவருகைக் காலம். அதன் முதல் ஞாயிறு இந்த வருஷம் நவம்பர் 30. அன்றைக்கு வட்டமான ஊசியிலை வளையத்தில் நாலு மெழுகுவர்த்தி வைத்து ஒன்றை மட்டும் ஏற்றுவார்கள். அடுத்த ஞாயிறு இரண்டு, அப்புறம் மூன்று, நாலு. இது தொடங்கியதே இந்த ஹாம்பர்க்கில்தான். வீகெர்ன் என்ற போதகர் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு நடத்திய இல்லத்தில், கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் நச்சரித்ததால், 1839ல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு நாலு பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தியும் வைத்தாராம். ஜெர்மானிய மிஷனரியான நம் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் காலமானது 1838ல். ஒரு வருஷம் முந்திவிட்டார், இல்லையென்றால் இதுவும் நம் சபைகளுக்கு அப்போதே வந்திருக்குமோ என்னவோ.

வளையம் கட்டும் விதம் இது. முப்பது சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வைக்கோல் வளையம், பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் நறுக்கிய கிளைகள், மெல்லிய கம்பி. மூன்று நாலு கிளையைப் பிடியாக வைத்துக் கம்பியால் இரண்டு சுற்று. அடுத்த பிடியின் தலை முந்தைய பிடியின் காம்பை மறைக்க வேண்டும். கம்பியை வெட்டாமல் ஒரே திசையில் போய்க்கொண்டே இருந்தால் ஒரு பிடியும் கழன்று விழாது. பிள்ளைகளுக்கு இதில் கிளையை எடுத்துக் கொடுக்கும் வேலைதான், கம்பியின் நுனி கண்ணுக்கு ஆகாது. முதல் மெழுகுவர்த்தி நாலு வாரமும் எரிவதால் கடைசியில் கட்டையாகிவிடும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். உண்மையான ஆபத்து மூன்றாவது வாரத்தில். ஹீட்டர் சூட்டில் இலை மொரமொரப்பாகக் காய்ந்திருக்கும், மெழுகு கட்டையாகி நெருப்பு இலைக்குப் பக்கத்தில் வந்திருக்கும்.

அதனால் நம் ஊரில் நீ சவுக்குக் கிளையில் வளையம் கட்டாதே. காய்ந்த சவுக்கு சட்டென்று பற்றிக்கொள்ளும். ஒரு தாம்பாளத்தில் மணலைப் பரப்பி, நாலு மெழுகுவர்த்தியையும் இரண்டு விரல் ஆழம் புதைத்து நிறுத்து. சுற்றிலும் பச்சை குரோட்டன்ஸ் இலை போதும், இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாற்றிவிடு. ஏற்றும்போது ஃபேனை நிறுத்த வேண்டும், அதைச் சொல்லத் தேவையில்லை.

டிசம்பர் முதல் தேதியிலிருந்து இருபத்துநாலு வரைக்கும் தினம் ஒன்றாகத் திறக்கும் காலண்டர் உண்டு. கடையில் சாக்லேட் வைத்தே விற்கிறார்கள். வீட்டில் செய்பவர்கள் 24 சின்னத் துணிப்பையோ காலித் தீப்பெட்டியோ எடுத்து, எண் ஒட்டி, கயிற்றில் தொங்கவிடுவார்கள். இரண்டு பிள்ளை இருந்தால் ஒற்றைப்படை நாள் ஒருவருக்கு, இரட்டைப்படை நாள் மற்றவருக்கு. இதை முதல் நாளே பேசி முடிக்காவிட்டால் இருபத்துநாலு நாளும் சண்டை. எல்லாப் பையிலும் தின்பண்டம் வைத்தால் ஒரு வாரத்தில் சுவாரஸ்யம் போய்விடும். பாதிப் பையில் சீட்டு வை: “இன்றைக்கு ஆச்சிக்கு வாழ்த்து அட்டை வரைவோம்”, “குடிலுக்கு வைக்கோல் பொறுக்குவோம்” என்று. சீட்டை முன்கூட்டியே எழுதி வைக்காமல் முந்தின நாள் ராத்திரி எழுது. பேக்கிங் என்று எழுதிவைத்த நாளில் கரண்ட் போனால் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லி முடியாது.

டிசம்பர் ஐந்து ராத்திரி பிள்ளைகள் பூட்ஸைத் தாங்களே துடைத்துக் கதவுக்கு வெளியே வைப்பார்கள். ஆறாம் தேதி, மீறா நகரத்து பிஷப் நிக்கொலாவின் நாள், காலையில் அதில் வாதுமைக் கொட்டை, ஆரஞ்சு, கொஞ்சம் சாக்லேட் இருக்கும். துடைக்காத பூட்ஸில் ஒன்றும் விழாது என்பதுதான் பேச்சு. செலவே இல்லாத வழக்கம், நீ கட்டாயம் செய். எறும்பு வராமல் இருக்க பண்டத்தை மட்டும் டப்பாவில் போட்டு வை.

இனி பிஸ்கட். இதுதான் பெரிய விஷயம், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அச்சு வைத்து வெட்டும் பிஸ்கட்டுக்கு அளவு ஒன்று, இரண்டு, மூன்று: 100 கிராம் பொடித்த சர்க்கரை, 200 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 300 கிராம் மைதா, ஒரு சிட்டிகை உப்பு. முட்டை வேண்டாம், பேக்கிங் பவுடரும் வேண்டாம். பவுடர் போட்டால் நட்சத்திரம் உப்பி உருண்டையாகிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த வெண்ணெயைத் துண்டுகளாக்கி மாவில் உதிர்த்து, ஒன்றுசேரும் வரைக்கும் மட்டும் பிசை. சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தால் பிஸ்கட் கடுக்கென்று ஆகும்.

இங்கே சமையலறையில் இருபது டிகிரி, அதனால் மாவை ஒரு மணி நேரம் குளிரவைத்து அப்புறம் தேய்ப்பார்கள். நம் ஊர்ச் சூட்டில் அது நடக்காது. தேய்ப்பதற்குள் வெண்ணெய் இளகி, வெட்டிய வடிவத்தைத் தூக்கும்போதே கால் கை பிய்ந்துவிடும். நீ வரிசையை மாற்று. பிசைந்த கையோடு இரண்டு பாலிதீன் தாளுக்கு நடுவே வைத்து நாலு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய். தாளோடு தட்டில் வைத்து ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம். வெளியே எடுத்த உடனே பிள்ளைகள் அச்சை அழுத்தட்டும். இளகத் தொடங்கினால் திரும்பவும் பத்து நிமிஷம் உள்ளே. கனம் ஒரே சீராக இருக்க, மாவின் இரண்டு பக்கமும் ஒரே கனமுள்ள இரண்டு குச்சியை வைத்து அதன்மேல் பூரிக்கட்டையை உருட்டு. ஒரு பக்கம் கருகி மறு பக்கம் வேகாமல் வருவதற்குப் பெரும்பாலும் அடுப்பைக் குறை சொல்வோம், காரணம் கனம்தான். பெரிய வடிவங்களை ஒரு தட்டிலும் சின்னதை வேறு தட்டிலும் வை. 180 டிகிரியில் பத்து நிமிஷம், ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிடு. நடுப்பகுதி அப்போது மெத்தென்று இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பாகும்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை இரண்டு தடவைக்கு மேல் சேர்த்துத் தேய்க்காதே. பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி மைதாவைத் தூவிவிடுவார்கள், கடைசிப் பிஸ்கட் பல்லை உடைக்கும். மிச்சத்தைக் கோலிக்குண்டு அளவில் உருட்டி அமுக்கிவிடு. பச்சை மாவைத் தின்னவிடாதே. முட்டை இல்லாவிட்டாலும் வேகாத மைதாவில் கிருமி இருக்கலாம்.

மேலே பூச, 150 கிராம் ஐசிங் சுகரில் எலுமிச்சைச் சாற்றை அரை ஸ்பூன் அரை ஸ்பூனாக விட்டுக் கலக்கு. ஸ்பூனிலிருந்து மெதுவாக நூலாக இறங்க வேண்டும். பிஸ்கட் முழுக்க ஆறின பிறகே பூச வேண்டும். மழை நாளில் பூச்சு காய ராத்திரி முழுக்க ஆகலாம். காயாமல் டப்பாவில் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பிறைவடிவ வனிலா பிஸ்கட் இதைவிட ருசி. 280 கிராம் மைதா, 210 வெண்ணெய், 100 பாதாம் பொடி, 80 சர்க்கரை. பாதாமோடு ஒரு கரண்டி சர்க்கரை சேர்த்து மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டு, ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகும். முந்திரி இன்னும் சீக்கிரம் விழுதாகும். வனிலா எசன்ஸை மாவிலேயே விட்டுவிடு. விரல் கனத்தில் உருட்டி, ஐந்தாறு சென்டிமீட்டருக்கு நறுக்கி, வளைத்து வை. பிள்ளைகள் நுனியைக் கூராக்கிக்கொண்டே போவார்கள், கூர்மையான நுனிதான் முதலில் கருகும். 175 டிகிரி, பன்னிரண்டு நிமிஷம். வெந்தவுடன் தொட்டால் உதிர்ந்துவிடும், ஐந்து நிமிஷம் தட்டிலேயே விடு. பிறகு சூடு தணிவதற்குள் ஐசிங் சுகரைத் தூவு. கொதிக்கக் கொதிக்கத் தூவினால் சர்க்கரை உருகும், ஆறிவிட்டால் ஒட்டாது.

பட்டை போட்ட பிஸ்கட்டும் இங்கே நிறைய. ஆனால் எந்தப் பட்டை என்று பார்க்க வேண்டும். தடித்த ஒற்றைச் சுருளாக வருகிற காசியா பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம், அளவு மீறினால் ஈரலுக்கு ஆகாது. 2006ல் இந்த நாட்டு அரசு ஆய்வு நிறுவனமே இதைப் பற்றி எச்சரித்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம்தான் அவர்கள் சொல்லும் வரம்பு, சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் அதைத் தாண்டிவிடுவார்கள். மெல்லிய தாள் பல சுற்றாகச் சுருண்ட சிலோன் பட்டையில் அது மிகக் குறைவு. பிரியாணிக்கு வாங்கும் தடித்த பட்டையைப் பிஸ்கட்டுக்குப் பொடிக்காதே.

எல்லாவற்றையும்விட முக்கியம் நேரம். மூன்று வயசுப் பிள்ளை இருபது நிமிஷத்துக்கு மேல் நிற்காது. மாவை முந்தின ராத்திரியே நீ தயாராக்கிவிடு, பிள்ளைகளுக்கு அச்சு அழுத்துவது மட்டும். நாலைந்து வயசுக்குப் பிறை உருட்டலாம். ஆறு வயசுக்கு மேல் தராசில் எடை போடும் வேலையைக் கொடு, பெருமையாகச் செய்வார்கள்.

தொங்கவிடும் பொம்மைகளுக்கு உப்பு மாவு: இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, ஒரு கப்புக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். கல்லுப்பு கரையாமல் நரநரக்கும். இதைப் பத்து நிமிஷம் நன்றாகவே பிசைய வேண்டும். அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஸ்ட்ராவால் துளை போடு. துளையை மறந்துவிட்டு காய்ந்த பிறகு போட்டால் உடையும். ஒரு நாள் நிழலில் திருப்பித் திருப்பி உலர்த்தி, அப்புறம் ஓவனில் 100 டிகிரிக்கு மேல் போகாமல் இரண்டு மணி நேரம். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் கொப்புளித்து வெடிக்கும். நம் ஊரில் அது மழைக்காலம், உப்பு ஈரத்தை இழுத்து ஒரு வாரத்தில் பொம்மை தொளதொளத்துவிடும். வண்ணம் காய்ந்ததும் முன், பின், துளையின் உள்பக்கம் எல்லாம் இரண்டு தடவை வார்னிஷ் அடி. பிஸ்கட் என்று நினைத்துப் பிள்ளைகள் கடிக்காமல் உயரத்தில் கட்டு, அவ்வளவு உப்பு உடம்புக்குக் கெடுதல்.

ஜன்னல் நட்சத்திரத்துக்குப் பட்டக் காகிதம் போதும். பத்து சென்டிமீட்டர் சதுரம் எட்டு. ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை மடித்து விரி. ஒரு மூலையின் இரண்டு ஓரத்தையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்தால் ஒரு முனை கூராகும். கூர்முனை வெளியே, மடிக்காத மூலை மையத்தில். அடுத்த தாளின் ஓரம் முந்தைய தாளின் நடுக்கோட்டில் உட்கார வேண்டும். எட்டாவது தாளின் பாதி, முதல் தாளின் அடியில் போகும். பசை ஒரு பொட்டுதான், அதிகமானால் வெளிச்சத்தில் கறை தெரியும்.

டிசம்பர் 4ல் செர்ரிக் கிளையை வெட்டித் தண்ணீரில் வைத்துக் கிறிஸ்துமஸுக்குப் பூக்கவைக்கும் வழக்கமும் உண்டு. மரத்துக்கு முன்னமே குளிர் பட்டிருக்க வேண்டும், அதனால் நமக்கு அது சரிப்படாது.

இருபத்துநாலாம் தேதி மதியம் இரண்டு மணிக்குக் கடையெல்லாம் அடைத்துவிடும். பல வீடுகளில் மரத்தை அன்றைக்குத்தான் ஜோடிப்பார்கள், அதுவும் பெரியவர்கள் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு. பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது. சாயங்கால ஆராதனை முடிந்து வந்ததும் மணி அடிக்கும், அப்போதுதான் கதவு திறக்கும். பரிசும் அன்று ராத்திரியே. சாப்பாடு பெரும்பாலும் உருளைக்கிழங்கு சாலடும் சாஸேஜும்தான், நம்புவாயா! நம் வீட்டில் அந்த ராத்திரி இதைச் சொன்னால் அத்தான் தட்டைத் தள்ளிவைத்துவிடுவார். ஆனால் சாலடை முந்தின நாளே செய்து வைத்துவிடுவதால் ஆராதனைக்குப் போகிற நேரத்தில் அடுப்படியில் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. அந்த ஒரு யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அச்சுகள், நட்சத்திரத்துக்கான காகிதம், கொஞ்சம் சிலோன் பட்டை எல்லாம் தனிப் பார்சலில் வருகிறது. உன் ஓடிஜி ஓவனின் உள் அகலத்தை அளந்து எழுது, தட்டு அதற்குத் தகுந்த மாதிரி வாங்க வேண்டும். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் அன்புத் தங்கை