அலுமாரித் திறப்பைத் தந்துவிடுங்கள்

பழைய மாணவர் சங்கத் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். ஆண்டு விழா மலர் தபாலில் வந்து சேர்ந்தது, நன்றி. வழுவழுப்பான தாள், நல்ல அச்சு. வாழ்த்துச் செய்திகளைத் தாண்டித் தாண்டி ஒருவழியாகப் பள்ளி வரலாற்றுக்கு வந்தால், இரண்டாவது பந்தியிலேயே ஆரம்பகாலச் சஞ்சிகைகள் யாவும் போரில் அழிந்துபோயின என்று எழுதியிருக்கிறீர்கள்.

மன்னிக்க வேண்டும். அவை அழியவில்லை. பழைய விஞ்ஞானகூடத்துக்குப் பின்னாலுள்ள அறையில், தேக்கு அலுமாரியின் மேல் இரண்டு தட்டுகளில் இருக்கின்றன. 2011இல் என் கண்ணால் பார்த்தேன். அது உங்களுக்கும் தெரியும், ஏனென்றால் அதைப் பற்றி உங்களுக்கு நான் ஐந்து கடிதம் எழுதியிருக்கிறேன்.

அன்று நூலகர் இரக்கப்பட்டு இருபது நிமிடம் திறந்துவிட்டார். கையில் கமெரா இல்லை. ஒரு தொகுப்பைத் தூக்கினேன், கறையான் மண் மடியில் கொட்டியது. உள்ளே 1920களின் பள்ளி அப்படியே இருந்தது. லண்டன் மற்றிக்குலேசன் சித்தியடைந்தவர் பட்டியல். விவாத மன்றத்தில் யார் எந்தப் பக்கம் பேசினார், யார் பாதியில் பேச்சு மறந்து இறங்கினார் என்ற குறிப்பு. விடுதிப் பக்கத்தில், மூன்று நாளாக ஒரே பயற்றங்கறி என்று ஒரு பெடியன் ஆங்கிலத்தில் அழுதிருந்தான். கடைசியில் பழைய மாணவர் செய்தி. மலாயாவில் ரயில்வே கிளாக்கரானவர், ஊரில் உபாத்தியாயரானவர், கலியாணம் கட்டியவர், காய்ச்சலில் செத்தவர் எல்லாரும் ஒரே எழுத்தளவில் இருந்தார்கள். (இந்த வருட மலரில் பழைய மாணவர் செய்தி என்பது நன்கொடைப் பட்டியல்தான். தொகை கூடக் கூட எழுத்தும் பெருக்கிறது.)

அந்தச் செய்திகளுக்கு நடுவே 1928இல் மலாயாவிலிருந்து என் அப்பப்பா எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. ஒரு பந்திதான் வாசிக்கக் கிடைத்தது. நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழை அங்கே வருடம் முழுவதும் பெய்கிறதாம். விடுதியில் தான் குறைசொன்ன சொதியை இப்போது நினைத்தால் வாயூறுகிறதாம். அதற்குள் மணி அடித்துவிட்டது, நூலகர் பூட்டிவிட்டார்.

அப்பப்பா ஜப்பான்காரன் காலத்தில், 1943இல், அங்கேயே இறந்துபோனார். வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு றங்குப்பெட்டியில் இருந்தன. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில், போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழும்பி நடந்த இரவில், அந்தப் பெட்டியைத் தூக்க எவருக்கும் கை இருக்கவில்லை. ஆக, அவர் எழுதியதில் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பது உங்கள் அலுமாரிக்குள் இருக்கும் அந்த ஒன்றரைப் பக்கம்.

அவருடைய மகள், என் மாமி, உயிரோடு இருக்கிறார். வயது 92. கண் மங்கிவிட்டது, காது வடிவாகக் கேட்கும். 'அப்பா என்ன எழுதினவர், மிச்சத்தையும் வாசி' என்று பதினைந்து வருடமாகக் கேட்கிறார். நான் சொதிக் கதையையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கொழும்பிலிருந்து மூன்று தடவை வந்தேன். முதல் தடவை, திறப்பு முன்னாள் பொருளாளரிடம் என்றீர்கள். அடுத்த தடவை, அவர் மகனிடம் ரொறன்ரோ போய்விட்டார், திறப்பும் கூடப் போய்விட்டது என்றீர்கள். எங்கள் வீட்டில் விசா மறுக்கப்பட்டவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், ஒரு பித்தளைத் திறப்புக்குக் கனடா கிடைத்திருக்கிறது. சந்தோசம். மூன்றாவது தடவை, இந்த ஜனவரியில், பூட்டை உடைக்கச் செயற்குழுத் தீர்மானம் வேண்டும், கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆள்தொகை, அதுதான் கோரம், சேரவில்லை என்று பதில் வந்தது. அதே மாதம் நட்சத்திர விடுதியில் நடந்த இராப்போசனத்துக்குக் கோரம் சேர்ந்திருந்ததை முகநூலில் பார்த்தேன்.

திறப்பைத் தாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசன் நடத்திய வட்டுக்கோட்டை செமினரி 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்டது. அங்கே படித்த பையன்களைப் பற்றி அமெரிக்க மிசனரிமார் போஸ்டனுக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன, போய்க் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அவர்களுக்கு முக்கால் நூற்றாண்டு பிந்திய பையன்களை, பள்ளி வாசலிலிருந்து ஐம்பது அடி தள்ளி இருக்கும் அறையில், எங்களால் பார்க்க முடியவில்லை. நூலக நிறுவனம் 2005இலிருந்து ஈழத்து ஏடுகளை இணையத்தில் ஏற்றி வருகிறது. எத்தனையோ பள்ளி மலர்கள் அதில் கிடக்கின்றன. நம் பள்ளியின் பெயரைத் தட்டினால் ஆரம்பகால இதழ் ஒன்றுகூட வராது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, ஏறத்தாழ 97,000 நூல்கள். அதை எரித்தவர்களைப் பற்றி வருடா வருடம் மேடையில் பேசுகிறீர்கள், பேசத்தான் வேண்டும். உங்கள் அலுமாரியில் ஏறியிருக்கும் கறையானுக்கு யாரைக் குற்றஞ்சொல்லப் போகிறீர்கள்? போரில் அழிந்தது என்று மலரில் போட்டது அதற்கான முன்னேற்பாடா?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், கோபிக்கக் கூடாது. அந்தச் சஞ்சிகைகளில் சிலருக்குச் சங்கடமான பக்கங்கள் இருக்கும் என்ற பயமா? 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தீண்டாமைக்கு எதிராகப் பேசியது, 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. அதையெல்லாம் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் உட்கார வேண்டும் என்ற சமாசன உத்தரவுக்கு, 1930 வாக்கில், இதே ஊர் பள்ளிகளுக்கு நெருப்பு வைத்தும் பதில் சொன்னது. நம் விடுதியில் யார் யாரோடு ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டார்கள், யார் மாட்டேன் என்று எழும்பிப் போனார்கள் என்பது அந்தப் பக்கங்களில் இருக்கலாம். என் அப்பப்பாவே எழும்பிப் போனவராக இருக்கலாம். இருந்தால் இருக்கட்டும், எனக்கு அதுவும் தெரிய வேண்டும்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். நுழைவாயில் வளைவு, பழைய மாணவர் இலச்சினை போட்ட ரீசேட், குளிரூட்டிய கூட்ட மண்டபம் எல்லாவற்றையும் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன். விடுதிப் பிள்ளைகளின் மலசலகூடத்துக்கு இன்னும் கதவு போடவில்லை என்பதை மட்டும் போகிற போக்கில் ஞாபகப்படுத்துகிறேன்.

தயவுசெய்து அலுமாரியைத் திறந்துவிடுங்கள். சங்கத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. ஸ்கேன் செய்ய இரண்டு இளம் பிள்ளைகள் தங்கள் கருவியோடு வரச் சம்மதித்திருக்கிறார்கள். ஒரு தாளும் பள்ளியை விட்டு வெளியே போகாது. வேலை முடிந்ததும் திறப்பைப் பள்ளி நூலகரிடம் கொடுத்துவிடுங்கள், இனிமேல் அது விமானம் ஏற வேண்டாம்.

ரொறன்ரோவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு ஆட்கள் வருவார்கள், அவர்களில் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினாலும் போதும். அதுவும் முடியாவிட்டால், பூட்டை உடைக்கலாம் என்று ஒற்றை வரியில் ஒரு அனுமதிக் கடிதம் தாருங்கள். புதுப் பூட்டை நானே வாங்கி வருகிறேன். தேர்த் திருவிழாவுக்கு அடுத்து வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த அறை வாசலில் நிற்பேன். மாமியும் வருவதாகச் சொல்கிறார். அவருக்கு ஒரு கதிரை மட்டும் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினன்