கொக்குப் படம் பற்றிப் பதில் சொன்னவருக்கு நன்றி

படம் எடுத்தால் வெள்ளைக் கொக்கின் இறகு ஏன் விவரமே தெரியாத வெறும் வெள்ளைத் திட்டாகிவிடுகிறது என்று நாங்கள் கேட்டதற்கு, பெயர்கூடச் சொல்லாமல் பொறுமையாக விளக்கிய நண்பருக்கு எங்கள் நன்றி. இருண்ட பின்னணியில் கேமராவின் ஒளிமானி ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 1 வரை இறக்கி, ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள், வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் பார்க்க வேண்டும். வெளிர் வானத்தில் பறந்தால் நேரெதிர், பிளஸ் 1. ஷட்டர் திறந்திருக்கும் நேரம், பறப்பதற்கு 1/2000 நொடி. அமர்ந்திருந்தால் 1/500 போதும். அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) ஏறினால் ஏறட்டும். அதனால் படத்தில் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சலைப் பிறகு குறைக்கலாம், அசைந்து மங்கிப்போன பறவையின் கண்ணை மீட்க முடியாது. நண்பகலில் தொலைவுப் படம் மங்குவது தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றால். பாவம், லென்ஸைத் திட்டிப் பயனில்லை.

முதலில் 10 நிமிடம் சும்மா உட்காருங்கள் என்றீர்களே, அதுதான் அருமை. பறவை நம்மை மறந்து இறகு கோதத் தொடங்கும். பாதி மகிழ்ச்சி அங்கேயே கிடைத்துவிடும்.

கூடு பற்றிச் சொன்னது இன்னும் பெரிய உதவி. தாய்ப்பறவை கூட்டுக்குள் போகாமல் கத்திக்கொண்டே சுற்றினால், உடனே பின்வாங்க வேண்டும். மறைக்கும் கிளையை ஒதுக்கினால் குஞ்சுகள் வெயிலிலும் காகத்தின் கண்ணிலும் மாட்டும். செல்பேசிப் படத்தில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலைப் பகிருமுன் நீக்க வேண்டும். பறவையின் குரல் பதிவை ஒலிக்கவிட்டு அதை அழைப்பதும் கூடாது: எல்லைக்குள் போட்டி வந்துவிட்டதென்று, இரை தேடுவதை விட்டுச் சண்டைக்கு வந்து நிற்கும்.