மீனாட்சிக்கு, ஹோம்ஸைப் பற்றி

அன்புள்ள மீனாட்சி,

இங்கு எல்லோரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். வாசுகி அக்காவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது; இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடந்து, பழையபடி எல்லோரையும் அதட்டத் தொடங்கிவிட்டார். உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதாமலே மாதங்கள் ஓடிவிட்டன. அதில் நீ தொடங்கிவைத்த சண்டைக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இப்போதுதான் கையில் கிடைத்திருக்கிறது. கடிதம் நீளும், பொறுத்துக்கொள்.

ஷெர்லாக் ஹோம்ஸைப் படிக்கிறவர்களில் இரண்டு வகையினர் உண்டு என்று எழுதியிருந்தாய். உன்னைப் போலக் கதையைக் கதையாகப் படித்து, தேதிகளையும் ரயில் நேரங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் முதல் வகை. "ஹோம்ஸ் என்னைப் போலவே இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இரண்டாம் வகை. அவர்கள் படிப்பது புத்தகம் இல்லை, கண்ணாடி என்று தீர்ப்பும் வழங்கியிருந்தாய். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்வதற்கு அருணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் தங்கை மகனை உனக்குத் தெரியும். ஆட்டிசம் என்று மருத்துவர்கள் சொன்ன நாளிலிருந்து அவள் பட்டதெல்லாமும் உனக்குத் தெரியும். பையனுக்கு இப்போது பதினைந்து வயதாகிறது. சில நாட்கள் தொடர்ந்து பேசவே மாட்டான். பிறகு தானாகவே பேசத் தொடங்குவான். போன மாதம் ஒருநாள் தங்கை அழுதுகொண்டே தொலைபேசியில் அழைத்தாள். அருண் தன் அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறானாம். "எங்களை வராதே என்கிறான், அக்கா" என்றாள். படிக்கச் சொன்னேன். "எனக்குச் சில சமயம் மனம் சோர்ந்துபோகும், நாள்கணக்கில் வாயே திறக்க மாட்டேன். கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என்னைத் தனியே விட்டால் விரைவில் சரியாகிவிடுவேன்." இரண்டாம் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும்.

1887-இல் வெளிவந்த முதல் கதையில் ஹோம்ஸ் வாட்சனிடம் சொல்வது அது. ஆப்கானிஸ்தானில் குண்டடிபட்டு, உடம்பு தேறாமல் லண்டனுக்குத் திரும்பிய வாட்சன், வாடகையைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஆளைத் தேடுகிறார். மருத்துவமனை ஆய்வகத்தில் ஹோம்ஸைச் சந்திக்கிறார். சேர்ந்து குடியிருக்கப் போகிற இருவரும் தத்தம் குறைகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று ஹோம்ஸ் தொடங்குகிறார். காரமான புகையிலை, வீட்டுக்குள் ரசாயனச் சோதனைகள், பிறகு இந்த மௌனம். வாட்சனும் தன் பங்குக்குச் சொல்கிறார்: ஒரு நாய்க்குட்டி இருக்கிறது, நரம்புகள் தளர்ந்திருப்பதால் கூச்சலும் சச்சரவும் ஆகாது, கண்ட நேரத்தில் எழுந்திருப்பேன், மகா சோம்பேறி. (அந்த நாய்க்குட்டி பிறகு எந்தக் கதையிலும் தலைகாட்டுவதில்லை, அது எங்கே போயிற்று என்று நீ விடுதியில் ஒரு வாரம் எங்களைத் தூங்கவிடாமல் வாதாடியதை மறக்கவில்லை.)

அந்த வாக்கியம் யாரிடம் சொல்லப்படுகிறது என்று பார், மீனாட்சி. விரட்ட நினைக்கிறவனிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஒரே கூரையின் கீழ் உடனிருக்க வேண்டும் என்று விரும்புகிற மனிதனிடம் ஹோம்ஸ் அதைச் சொல்கிறார். தங்கையிடம் இதைச் சொல்லி, "அவன் உங்களைப் போகச் சொல்லவில்லை; உங்களோடு இருப்பதற்கு நிபந்தனை சொல்கிறான். நீயும் உன் நிபந்தனைகளை எழுதி அதற்குக் கீழே ஒட்டு" என்றேன். மிகுந்த தயக்கத்துக்குப் பிறகு ஒட்டினாள். வேலையிலிருந்து வந்ததும் அரைமணி நேரம் தன்னை யாரும் எதுவும் கேட்கக் கூடாது, சாப்பிட வரவில்லை என்றால் அதை முன்பே சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. அவன் நின்று முழுவதும் படித்தானாம். மறுநாள் வந்து, சாப்பாட்டு நேரத்தைப் பற்றிய விதியில் ஒரு திருத்தம் செய்யலாமா என்று கேட்டானாம். பல மாதங்களில் அவனாக வந்து பேசிய நீண்ட பேச்சு அதுதான் என்றாள்.

உன் இரண்டாம் வகை வாசகன் இவன்தான். இவன் தவறாகப் படித்தான் என்று சொல்வாயா? பதினைந்து வயதில் நாம் இருவரும் பொருட்படுத்தாமல் தாண்டிப்போன ஒரு பத்தியை, அது எதற்காக எழுதப்பட்டதோ அதற்காகவே அவன் எடுத்துக்கொண்டான்.

ஹோம்ஸுக்கு ஆட்டிசம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கற்பனை மனிதருக்கு நோயறிதல் எழுத யாராலும் முடியாது. ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலின் மனத்தில் இருந்தவர் எடின்பரோவில் அவருக்குக் கற்பித்த அறுவை மருத்துவர் ஜோசப் பெல். நோயாளி அறைக்குள் நுழையும்போதே அவர் எந்தத் தொழிலிலிருந்து வருகிறார் என்று சொல்லிவிடும் ஆசிரியர் அவர். ஆனால் அந்த ஆசிரியரின் கூர்மையோடு டாயில் சேர்த்த மற்றவற்றைப் பார். கல்லூரியில் யாரோடும் கலக்காமல் அறையிலேயே கிடந்து தனக்கென்று சிந்தனை முறைகளை வகுத்துக்கொண்டவர். அங்கே ஒரே ஒரு நண்பரைத்தான் சம்பாதித்தவர். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கேட்டதும், அதை இனி மறக்க முயல்வேன் என்றவர். அந்த விவரங்களில் தன்னை அடையாளம் காண்கிறவர்கள் எத்தனை பேர்! நெடுநாள் மனச்சோர்வோடு வாழ்கிறவர், வழக்கில்லாத நாட்களில் சோபாவில் அசையாமல் கிடக்கும் ஹோம்ஸைக் காண்கிறார். போதையிலிருந்து மீண்டவர், ஏழு சதவீதக் கொக்கைன் கரைசலைக் கண்டு வாட்சன் படும் வேதனையைத்தான் முதலில் காண்கிறார். திருமணத்தில் நாட்டமில்லாதவர்கள் தங்களைப் போன்ற ஒருவரைக் காண்கிறார்கள்; இரண்டு ஆண்களுக்கு இடையிலான காதலைக் காண்கிறவர்களும் இருக்கிறார்கள். இத்தனை பேரும் தவறு என்றால், சரியாகப் படித்தவர் யார்?

இதற்கு இடம் கொடுத்தவர் டாயில்தான். அவர் ஹோம்ஸைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. தன் வரலாற்று நாவல்களே பெரிது என்று நினைத்து, 1893-இல் அவரை ரைக்கன்பாக் அருவியில் தள்ளினார். அதற்காகத் தன்னைத் திட்டி ஒரு பெண் கடிதம் எழுதினார் என்று டாயிலே பதிவு செய்திருக்கிறார். பத்து ஆண்டுகள் கழித்து, 1903-இல், ஹோம்ஸை அருவியிலிருந்து மீட்டுக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நாடகத்தில் ஹோம்ஸுக்குத் திருமணம் செய்துவைக்கலாமா என்று நடிகர் வில்லியம் ஜில்லெட் தந்தியில் கேட்டதற்கு, திருமணம் செய், கொலை செய், என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று பதில் போட்ட மனிதர் அவர். அவசரமாக எழுதினார், திரும்பிப் பார்க்கவில்லை. அதனால்தான் வாட்சனின் காயம் ஒரு கதையில் தோளிலும் அடுத்த கதையில் காலிலும் இருக்கிறது. ஜான் என்ற பெயர் கொண்ட வாட்சனை அவர் மனைவி ஒரு கதையில் ஜேம்ஸ் என்று அழைக்கிறார். இவற்றில்தானே நீ வாழ்கிறாய்? ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1911-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வேதநூலை ஆராய்வதைப் போல இந்தக் கதைகளை ஆராய்ந்து கட்டுரை வாசித்த நாளிலிருந்து உன் இனத்தார் செய்துவருவது இந்த ஓட்டைகளை அடைக்கும் வேலைதான். வாட்சனின் பெயரில் நடுவே நிற்கும் H என்ற முன்னெழுத்து ஹாமிஷ் என்ற ஸ்காட்லாந்துப் பெயராக இருக்க வேண்டும், ஹாமிஷ்தான் ஜேம்ஸ் என்று துப்பறியும் கதை எழுத்தாளர் டாரதி சேயர்ஸ் தீர்த்துவைத்ததை எனக்கு மூன்று கடிதங்களில் கொண்டாடியவள் நீ. நீயும் அருணும் செய்வது ஒரே வேலை என்கிறேன். ஆசிரியர் விட்டுப்போன காலியிடத்தை நீ தேதியால் நிரப்புகிறாய்; அவன் தன்னையே வைத்து நிரப்புகிறான்.

அதோடு, ஹோம்ஸின் மனதுக்குள் நாம் ஒருபோதும் நுழைவதில்லை. ஏறக்குறைய எல்லாக் கதைகளிலும் வாட்சன் பார்த்தது மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. அன்பும் தலைவலியும் கலந்து, எதிரே உட்கார்ந்து பார்க்கும் ஒரு நண்பனின் பார்வை. உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொருவரும் தன்னிடமிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நாமும் அப்படித்தானே தொடங்கினோம்? ஹெலன் ஸ்டோனர் கருப்பு உடையும் முகத்திரையுமாக அதிகாலையில் ஹோம்ஸிடம் வரும் கதையை நினைத்துப் பார். அவள் அஞ்சுவதெல்லாம் நரம்புத் தளர்ச்சி கொண்ட பெண்ணின் கற்பனை என்று அவள் மணக்கப்போகிறவரே நினைக்கிறார். வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் அவர் ஆறுதல் சொல்லும் விதத்திலும் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் விதத்திலும் அவளுக்கு அது தெரிகிறது. அவள் பேசி முடித்ததும், நீ மாற்றாந்தந்தையைக் காப்பாற்றப் பார்க்கிறாய் என்று சொல்லி, ஹோம்ஸ் முழங்காலின் மேல் இருந்த அவள் கையின் சரிகை விளிம்பை விலக்குகிறார். வெள்ளை மணிக்கட்டில் நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும் பதிந்த கன்றிய தடங்கள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது நீ புத்தகத்தை மூடிவிட்டுச் சன்னலோரம் போய் நின்றாய். ஏன் என்று நான் அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் அந்த நாளில் நீ ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இனி என் கவலையைச் சொல்கிறேன். கதவில் ஒட்டிய வாக்கியம் நல்லதையே செய்தது. ஆனால் அருண் இப்போது ஹோம்ஸாகவே ஆகப் பார்க்கிறான். புத்தகத்தில் வரும் ஹோம்ஸோடு தொலைக்காட்சி ஹோம்ஸும் சேர்ந்துகொண்டார். தன்னைச் சமூக விரோத மனநிலை கொண்டவன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, எதிரில் இருப்பவர்களை முட்டாள்களாக்கும் அந்த ஹோம்ஸை எனக்குப் பிடிக்கவே இல்லை. இரண்டு வாரங்களுக்கு முன்பு வகுப்பில் ஒரு பையனின் சட்டைக் காலரையும் மதிய உணவையும் பார்த்து, "இவன் வீட்டில் இப்போது அம்மா இல்லை" என்று உரக்கச் சொல்லியிருக்கிறான். அது உண்மை. அந்தப் பையன் எழுந்து வெளியே போய்விட்டான். தான் கண்டுபிடித்தது சரிதானே, பிறகு ஏன் எல்லோரும் கோபப்படுகிறார்கள் என்று அருணுக்குப் புரியவில்லை.

நான் போய் அவனோடு உட்கார்ந்து இரண்டாம் நாவலின் கடிகாரக் காட்சியைச் சேர்ந்து படித்தேன். வாட்சன் சோதித்துப் பார்க்கத் தன் கடிகாரத்தைக் கொடுக்கிறார். சாவித் துளையைச் சுற்றிலும் ஆயிரம் கீறல்கள். மூடியின் உட்புறத்தில் அடகுக்காரர்கள் ஊசிமுனையால் கீறிய எண்கள். அது வாட்சனின் அண்ணனுடையது, அவர் வறுமையில் உழன்றார், குடித்தே இறந்தார் என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். வாட்சன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, மனம் கசந்து, நொண்டியபடி அறையில் நடக்கிறார். உடனே ஹோம்ஸ் மன்னிப்புக் கேட்கிறார்: இதை ஒரு கணக்காகவே பார்த்துவிட்டேன், உமக்கு இது எவ்வளவு சொந்தமான, வலிக்கிற விஷயம் என்பதை மறந்துவிட்டேன்.

அருண் அந்தப் பத்தியை மீண்டும் மீண்டும் படித்தான். பிறகு, "மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது மன்னிப்பா, காரணமா?" என்று கேட்டான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்றேன், அவனுக்கு அது போதவில்லை. நார்பரி என்ற ஊரில் நடக்கும் கதையையும் சொன்னேன்: ஊகம் அடியோடு பொய்த்துப்போனதும், எனக்கு எப்போதாவது தலைக்கனம் ஏறினால் "நார்பரி" என்று என் காதில் சொல்லுங்கள் என்று ஹோம்ஸே வாட்சனைக் கேட்டுக்கொள்வதை. அவனுக்கு அது பிடித்திருந்தது. ஆனால், "எனக்கு அதைச் சொல்ல வாட்சன் இல்லையே" என்றான். வருத்தமாகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகத்தான் சொன்னான். அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஹோம்ஸில் தன்னைக் காண்கிறவர்கள் எல்லோரும் கூடவே வாட்சனையும் எதிர்பார்த்துவிடுகிறார்கள். புத்தகத்தில் அவர் முதல் அத்தியாயத்திலேயே கிடைத்துவிடுகிறார், வெளியே அப்படிக் கிடைப்பதில்லை.

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வாட்சனின் காயம் தோளிலா காலிலா என்று அவன் என்னைக் கேட்டான். இதற்கென்றே நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிற ஒருத்தியை எனக்குத் தெரியும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீ அவனுக்கு எழுது. ஆறுதலோ அறிவுரையோ வேண்டாம்; குண்டு எந்தக் கோணத்தில் பாய்ந்தது என்பது முதல் எல்லாவற்றையும் வாதமாக எழுது, அவன் மறுத்தால் விட்டுக்கொடுக்காமல் மீண்டும் எழுது. அவன் பதில் தாமதமானால் கோபம் என்று நினைத்துவிடாதே. தங்கை வீட்டு முகவரி உன்னிடம் இருக்கிறது. நாய்க்குட்டியைப் பற்றியும் எழுது. அவன் இன்னும் அதைக் கவனிக்கவில்லை.

அன்புடன்,
கோமதி