வாரத்தில் ஒரு நாள் பூனைகளுக்கு அறுவை மேசை ஒதுக்கித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
தெருப் பூனைகளை மீட்டு, வீட்டில் வைத்துப் பராமரித்து, தத்துக் கொடுத்து வரும் பன்னிரண்டு பேர் சார்பாக ஒருவர்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நகராட்சியின் விலங்குகள் கருத்தடை மையத்தில் வாரம் ஒரு நாளைப் பூனைகளுக்கென ஒதுக்குதல், பூனைகளைப் பிடித்து வேறிடத்தில் விடுவதை நிறுத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆறு வருடங்களாக என் வீட்டில் ஓர் அறை பூனைக்குட்டிகளுக்கென்றே இருக்கிறது. கழிவுநீர்க் குழாய்க்குள், கார் என்ஜினுக்குள், அட்டைப்பெட்டியில் போட்டு யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போனபடி என்று எங்கெங்கோ கிடைக்கும் குட்டிகளை எடுத்துவந்து, தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கிறேன். இதே வேலையைத் தங்கள் வீடுகளில் செய்கிற இன்னும் பதினொரு பேர் இருக்கிறார்கள். நாங்கள் சங்கம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்கு முடியாதபோது இன்னொருவர் எடுத்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

பூனைகளுக்குக் காப்பகம் கட்டித் தாருங்கள் என்று கேட்க இந்த மனுவை எழுதவில்லை. எங்களைப் பார்த்ததும் பலரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே இருக்கிற உங்கள் கருத்தடை மையத்தில் வாரத்துக்கு ஒரு நாள், ஓர் அறுவை மேசை. நாங்கள் கேட்பது அதுதான். ஏன் கேட்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

போன மழைக்காலத்தில் ஓர் இரவு மூன்று குட்டிகள் வந்தன. கண் திறக்கவில்லை, தொப்புள்கொடி காய்ந்து வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் ஆகச் சிறியது 94 கிராம். தொட்டால் சில்லென்று இருந்தது. குளிர்ந்துபோன குட்டிக்கு உடனே பால் புகட்டக் கூடாது, அதன் குடலால் செரிக்க முடியாது. வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் குப்புறப் படுக்கவைத்துத்தான் புகட்ட வேண்டும். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். மாட்டுப்பால் கொடுத்தால் கழிச்சல் வரும், குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவைத்தான் கரைத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவும் பகலும். பிறந்த குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்கிவிடுகிற இடத்தில் ஈரப் பஞ்சால் மெதுவாகத் தடவிவிட வேண்டும். மூன்று வாரம் ஆகும்வரை இது ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டும். தினமும் 10 முதல் 15 கிராம் எடை ஏறினால் குட்டி பிழைக்கும் என்று நம்பலாம். அந்த 94 கிராம் குட்டி இரண்டாம் நாள் 97 ஆனது. மூன்றாம் நாள் 95. நான்காம் நாள் விடியற்காலையில் என் உள்ளங்கையிலேயே போய்விட்டது.

இதில் எனக்கு இன்றும் ஆறாதது ஒன்று உண்டு. அந்தக் குட்டிகளின் தாய் சாகவில்லை. இரை தேடப் போயிருந்த நேரத்தில், அநாதைக் குட்டிகள் என்று நினைத்து நல்ல மனதோடு ஒருவர் எடுத்துவந்துவிட்டார். மறுநாள் நாங்கள் போய்ப் பார்த்தபோது அது அந்த மாடிப்படியின் அடியில் குரல் கொடுத்தபடி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. குட்டி போட்ட பூனை மாதிரி என்று பேச்சுக்குச் சொல்கிறோமே, அதை நேரில் பார்த்தால் அந்த வார்த்தை அப்புறம் சுலபமாக வாயில் வராது. மீதி இரண்டு குட்டிகளையும் அதனிடமே சேர்த்துவிட்டோம். நல்லவேளை, ஏற்றுக்கொண்டது. உங்கள் துப்புரவுப் பணியாளர்களிடம் இதை மட்டுமாவது சொல்லிவையுங்கள்: குட்டிகள் வயிறு நிறைந்து, கதகதப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. சில மணி நேரம் தள்ளி நின்று பார்த்துவிட்டு அப்புறம் தொடலாம்.

சரி, இரண்டு குட்டிகள் பிழைத்தன. ஆனால் அவை தாயிடம் பால் மறப்பதற்குள் அந்தத் தாய் மறுபடி சினையாகிவிட்டது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை சினையாக முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சினைக்காலம் ஒன்பது வாரம்தான். பெட்டைக்குட்டி நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். ஒரு ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள் சாதாரணம். ஒரு குட்டிக்குத் தடுப்பூசி போட்டு, நம்பகமான வீடு தேடிக் கொடுக்க எங்களுக்கு இரண்டு, மூன்று மாதம் பிடிக்கிறது. அதற்குள் அதே மாடிப்படியின் அடியில் அடுத்த ஈற்று. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிறோம் ஐயா. குடத்தின் ஓட்டையை அடைக்கக் கருத்தடை ஒன்றுதான் வழி.

அதற்குத்தான் இடமில்லை. உங்கள் மையத்தில் எல்லா நாளும் நாய்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. நாய்க்கடி பிரச்சினையின் கனம் எங்களுக்குத் தெரியும், அதைக் குறை சொல்லவில்லை. எப்போதாவது கெஞ்சிக் கேட்டால் நாய்களுக்கு நடுவே ஒரு பூனையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்படி நான் கொண்டுபோன ஒரு செவலைப் பூனை, இரு பக்கமும் நாய்கள் குரைக்க, கூண்டின் மூலையில் முகத்தைப் பதித்துக்கொண்டு நாய் மூச்சிரைக்கிற மாதிரி வாயைத் திறந்து மூச்சிரைத்தது. பூனை வாய் திறந்து மூச்சிரைத்தால் அது ஆபத்தின் அறிகுறி. அன்று மருத்துவரே மயக்க மருந்து கொடுக்க வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரி.

பூனைகளுக்கென்று தனி நாள் என்பது சலுகை அல்ல, அறுவை பத்திரமாக நடப்பதற்கான நிபந்தனை. அன்று நாய்கள் இருக்கக் கூடாது. கூண்டைத் துணியால் மூடி வைத்தாலே பூனை பாதி அடங்கிவிடும். தோலுக்கடியில் தானாகக் கரையும் தையல் போட்டால், தையல் பிரிக்க மறுபடி பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு வயிற்றின் நடுவில் வெட்டாமல் விலாப்பக்கம் வெட்டினால், காயம் முலைக்காம்புகளுக்குத் தள்ளி இருக்கும். மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் குட்டிகளிடம் சேர்த்துவிடலாம். அதே மயக்கத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, ஒரு காதின் நுனியைச் சுமார் 1 சென்டிமீட்டர் நேராக நறுக்கிவிட வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தாலே கருத்தடை ஆன பூனை என்று தெரியும், ஒரே பூனையை இரண்டு தடவை பிடித்து வதைக்க வேண்டியிருக்காது. ஜப்பானில் காது நுனியில் V வடிவில் அடையாளம் வெட்டிய பூனையை, வெட்டின வடிவத்தை வைத்து, செர்ரிப்பூ இதழ்ப் பூனை என்றே அன்பாக அழைக்கிறார்கள்.

அடுத்து, பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் விடுவது பற்றி. சில மாதங்களுக்கு முன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் புகார் வந்து, வண்டி வந்தது, ஏழு பூனைகள் போயின. எங்கே விட்டார்கள் என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. அவற்றில் இரண்டு, நாங்கள் எங்கள் செலவில் கருத்தடை செய்து விட்டவை. அன்று இரவு ஜெனரேட்டர் அறையின் பின்னால் நான்கு குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. அவை எங்கள் வீடுகளுக்கு வந்தன. பத்து, பன்னிரண்டு வாரத்துக்குள் அங்கே புதிய பூனைகள். இரையும் ஒதுங்க இடமும் இருக்கிற ஓர் இடம் காலியானால், அக்கம்பக்கத்தில் இருப்பவை வந்து நிரப்பத்தான் செய்யும். வந்தவை கருத்தடை ஆகாதவை என்பதால் சத்தமும் சண்டையும் முன்பைவிட அதிகம். கொண்டுபோகப்பட்ட பூனையின் கதியும் நல்லதல்ல. பழகாத இடத்தில் தண்ணீர் எங்கே, நாய் எங்கே என்று தெரியாமல் பல பூனைகள் செத்துப்போகின்றன, சில வந்த வழி தேடிப் பெருஞ்சாலையில் அடிபடுகின்றன.

புகார் கொடுத்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. இரவு முழுக்கக் கடுவன்கள் ஊளையிட்டுச் சண்டை போடுவதும், சுவரில் மூத்திரம் பீய்ச்சி நாற்றம் அடிப்பதும் உண்மையான தொல்லைதான். ஆனால் அந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி இனப்பெருக்கத்தோடு சேர்ந்தது. கருத்தடை செய்தால் ஊளையும் சண்டையும் பீய்ச்சலும் வெகுவாகக் குறையும். புகார் கொடுப்பவருக்கும் எங்களுக்கும் வேண்டியது ஒன்றேதான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்தில் நாலைந்து பூனைக்குச் செய்துவிட்டு நிறுத்தினால் எந்தப் பலனும் இருக்காது. ஒரே இடத்தில் உள்ள பெட்டைகளில் மிகப் பெரும்பாலானவற்றை முடித்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். புதிதாக வந்து சேருவதையும் விடாமல் பார்த்துச் செய்ய வேண்டும். வாரா வாரம் ஒரு நாள் என்று நாங்கள் கேட்பது இதனால்தான். வருடத்துக்கு ஒரு முறை பெரிதாக முகாம் போட்டுப் படம் எடுத்துக்கொள்வதால் எண்ணிக்கை குறையாது. அதேபோல, பறவைகள் கூடு கட்டும் நீர்நிலைகளை ஒட்டிப் பூனைக் கூட்டங்களை வளரவிடக் கூடாது. பூனை மேல் பிரியம் இருக்கிறது என்பதற்காக அது பறவைகளை வேட்டையாடுவதை நாங்கள் மறுக்க மாட்டோம். அங்கே இருப்பவற்றுக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்யலாம், அதில் நாங்களும் கூட நிற்போம்.

காப்பகம் ஏன் வேண்டாம் என்று சொல்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் என் அறையில் ஒரே நேரத்தில் பதினொரு குட்டிகள் இருந்தன. மறுக்க மனமில்லாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். அதில் ஒன்று பான்லூகோபீனியா கிருமியோடு வந்திருக்கிறது. பூனைகளின் பார்வோ என்பார்கள், வேகமாகப் பரவிக் குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய். முதலில் ஒரு குட்டி சாப்பிடாமல் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தது, குடிக்கவும் இல்லை. பிறகு வாந்தி, கழிச்சல். ஒரு வாரத்தில் எட்டுக் குட்டிகளைப் புதைத்தோம். அந்தக் கிருமி அறைக்குள் ஒரு வருடம்வரை உயிரோடு இருக்கும், சாதாரணத் தரைக் கழுவியால் சாகாது, நீர்த்த பிளீச் போட வேண்டும். தடுப்பூசி முழுமையாகாத குட்டிகளை நூறு கணக்கில் ஒரே கூரையின் கீழ் வைத்தால் என்ன ஆகும் என்று அன்று எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு ஓர் ஈற்றுக் குட்டிகள் எனப் பிரிந்து வளர்ந்தால் நோயும் பிரிந்தே நிற்கும். மனிதர் கை பழகுவதற்கும் வீடுதான் சரி. இரண்டு வாரம் முதல் ஏழு வாரம் வரையிலான வயதில் மனிதரோடு பழகாத குட்டி, பிறகு மடியில் வந்து உட்காருவது கடினம். எனவே மையத்தில் புதிதாக வருபவற்றை 14 நாள் தனிமைப்படுத்தி வைக்க ஒரு சிறு அறை கிடைத்தால் போதும், மீதியை எங்கள் வீடுகள் பார்த்துக்கொள்ளும்.

கைவிடப்படும் பூனைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் வீடு மாற்றிப் போனது. கழுத்தில் சிவப்புப் பட்டையோடு ஒரு வெள்ளைப் பூனையை விட்டுவிட்டுப் போனார்கள். பதினொரு நாள் அது பூட்டிய கேட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. லாரிச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து நிற்கும். சாப்பாடு வைத்தோம், கிட்டப் போனால் தின்னாது. பூனை தொடர்ந்து சில நாள் தின்னாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். பன்னிரண்டாம் நாள் கூண்டு வைத்துப் பிடித்தோம். இன்று அது ஓய்வுபெற்ற ஓர் அம்மாவின் வீட்டில் ஜன்னலோரம் தூங்குகிறது. எல்லாப் பூனைக்கும் அப்படி வாய்ப்பதில்லை. வளர்ந்த பூனை என்றாலே தத்தெடுக்க யோசிக்கிறார்கள். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், 20 வாரத்துக்கு மேற்பட்ட வளர்ப்புப் பூனைக்கு மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு, கட்டாயம். இங்கே உடனே அப்படிச் சட்டம் போடச் சொல்லவில்லை. தத்துப் போகிற பூனைகளுக்காவது மையத்திலேயே சிப் போட்டு, சிப்பைப் படிக்கும் கருவி ஒன்றை அங்கே வைத்தால், தொலைந்தது எது, கைவிட்டது எது என்று தெரிந்துகொள்ளலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமூகக்கூடத்தைத் தத்து முகாமுக்குத் தந்தால் பேருதவியாக இருக்கும். உணவு வைப்பவர்களுக்கு நகராட்சி ஓர் அடையாள அட்டை கொடுத்தால், இரவு எட்டு மணிக்குக் கிண்ணத்தோடு போகும் பெண்களை யாரும் வழிமறித்துத் திட்ட மாட்டார்கள்.

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்து வராத ஆசை அல்ல. இத்தாலியில் 1991-ஆம் ஆண்டின் 281-ஆம் எண் சட்டம், சுதந்திரமாகத் திரியும் பூனைகளை அரசுப் பொதுச் சுகாதாரத் துறையின் கால்நடை மருத்துவர்களே கருத்தடை செய்து, அவற்றின் கூட்டத்திலேயே திரும்ப விட வேண்டும் என்கிறது. விலங்கு நல அமைப்புகள் அந்தத் துறையோடு பேசி ஒப்புக்கொண்டு கூட்டங்களைப் பராமரிக்கவும் அது வழி செய்கிறது.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்வது இது. பூனைகளைப் பிடிப்பது எங்கள் பொறுப்பு. பொறிக்கூண்டுகள் ஒன்பது இருக்கின்றன. காலையில் மருத்துவர் சொல்கிற நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்போம். அறுவை முடிந்து கடுவன்களை ஒரு நாளும் பெட்டைகளை மூன்று நாளும் எங்கள் வீட்டில் வைத்திருந்து, பிடித்த அதே இடத்தில் விடுவோம். எந்தத் தெருவில் எத்தனை பூனை, எத்தனைக்கு முடிந்தது, எத்தனை தத்துப் போயின என்ற கணக்கை மாதா மாதம் எழுத்தில் தருவோம். உங்கள் அலுவலகத்திலிருந்து யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் வந்து எங்கள் அறைகளைப் பார்க்கலாம்.

என் தெருவில் இப்போது பத்தொன்பது பூனைகள். அதில் பதினொன்று பெட்டை, மூன்று சினை. அந்த மூன்றில் ஒன்றுக்கு வயிறு இறங்கிவிட்டது, இந்த வாரமோ அடுத்த வாரமோ போட்டுவிடும். மற்றவற்றுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அறுவைக்கான நாளைக் குறித்து ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், முந்தின இரவே கூண்டு வைத்துவிடுகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பூனைகளைப் பராமரிக்கும் குடியிருப்பாளர்கள் பன்னிரண்டு பேர்

இணைப்பு: தெருவாரியாகப் பூனைகளின் பட்டியல், பன்னிரண்டு பேரின் கையொப்பம்.