தாத்தா கண்ணில் காட்டாத பதிவேடு

அன்புள்ள கண்ணம்மா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாய்: "நான் பார்க்கும் வேலையை வெளியே சொல்ல உனக்குக் கூச்சமாக இருக்கிறதா அம்மா?" இல்லை என்று சட்டென்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். நான் சொன்னது பாதிதான் உண்மை. மீதியைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கூச்சம் இருந்தது. நீ பேரிஸ்டர் ஆனபோது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஹேக் நகரத்தில், சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் வேலை என்றதும் இன்னும் உரக்கச் சொன்னேன். "எந்தத் தரப்புக்கு வாதாடுகிறாள்?" என்று யாராவது கேட்டால் மட்டும் என் குரல் இறங்கிவிடும். ஊரைக் கொளுத்தியதாக, சின்னப் பிள்ளைகள் கையில் துப்பாக்கியைத் திணித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்காக என் மகள் எழுந்து நிற்கிறாள் என்பதை எப்படிச் சொல்வது? அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களின் முகம்தான் எனக்கு முன்னால் வரும். எதிர்ப்பக்கம் சேர்ந்திருக்கக் கூடாதா என்று உன்னிடம் கேட்டதில்லை, மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இங்கிலாந்தில் நீ பயிற்சி எடுத்தபோது, வாடகை வண்டி வரிசையில் முதலில் நிற்கிறவர் வந்த சவாரியை மறுக்க முடியாததுபோல, பேரிஸ்டரும் வந்த வழக்கை மறுக்கக் கூடாது என்று ஒரு விதி இருப்பதாகச் சொன்னாய். அதைப் பிடித்துக்கொண்டு, பாவம், அவளுக்கு வேறு வழியில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஹேக்கில் வழக்கறிஞர் காரணமே சொல்லாமல் ஒரு வழக்கை வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை நீயே இன்னொரு நாள் சொன்னாய். அப்படியென்றால் தெரிந்தேதான் ஒப்புக்கொள்கிறாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் உன்னைப் பார்க்க வந்தேன். ஞாபகம் இருக்கிறதா, பார்வையாளர் பகுதியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவில் பெரிய கண்ணாடி. காதில் ஹெட்ஃபோன். கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப் பட்டியும் போட்டுக்கொண்டு நீ நின்றாய். சாட்சியின் முகம் எங்களுக்குத் தெரியாதபடி திரையில் கலைத்துவிட்டிருந்தார்கள், குரலையும் மாற்றியிருந்தார்கள். அந்த மாற்றிய குரலிலும் நடுக்கம் கேட்டது. தளபதி உத்தரவு கொடுத்தார், என் காதால் கேட்டேன் என்றார் அவர்.

நீ அவரைப் பொய்யர் என்று சொல்வாய் என்று நினைத்து எனக்கு வயிறு கலங்கியது. நீ அவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நின்றாய். "உத்தரவு எந்த மொழியில் சொல்லப்பட்டது?" என்று கேட்டாய். மொழிபெயர்ப்பாளர் முடிக்கும்வரை காத்திருந்தாய். அவர் ஒரு மொழியின் பெயரைச் சொன்னார். "அந்த மொழி உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது, பக்கத்தில் நின்றவன்தான் அர்த்தம் சொன்னான் என்றார். "நன்றி ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தைப் புரட்டினாய். அவ்வளவுதான். அவர் பட்ட துன்பத்தில் ஒரு சொல்லையும் நீ மறுக்கவில்லை. உத்தரவு யார் வாயிலிருந்து வந்தது என்பதை மட்டும் தனியே பிரித்து மேஜைமேல் வைத்தாய். பிறகு மூடிய விசாரணை என்று சொல்லிக் கண்ணாடிக்குத் திரை இறக்கிவிட்டார்கள். நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது என் அப்பா நினைவுக்கு வந்தார்.

தாத்தா கதையை உனக்கு நான் முழுதாகச் சொன்னதே இல்லை. அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒருநாள் கணக்கில் பணம் குறைந்தது. பழி அவர்மேல் விழுந்தது. அன்றைய பணம் வாங்கிய பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், அதில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அது இரகசிய ஆவணம், உங்களுக்குக் காட்ட முடியாது என்றார்கள். விசாரணை அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. அவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் திருடனுக்குப் பரிந்து பேசினான் என்ற பெயர் யாருக்கு வேண்டும்? வேலை போனபின் இருபது வருஷம் இருந்தார். அந்த இருபது வருஷமும் எங்களிடம் அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான் பேசினார்.

அதனால்தான் நீ சொன்ன, காங்கோ நாட்டு ஆயுதக் குழுத் தலைவர் லுபாங்காவின் வழக்கு என்னை விடவே இல்லை. அந்த நீதிமன்றத்தின் முதல் விசாரணை. 2008 ஜூனில் தொடங்க வேண்டியது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக இருக்கக்கூடிய 200க்கும் மேற்பட்ட ஆவணங்கள் வழக்குத் தொடுத்தவர்கள் கையில் இருந்தன. பெரும்பாலும் ஐ.நா. சபை இரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவை, அதனால் காட்ட முடியாது என்றார்கள். காட்டாவிட்டால் விசாரணையே கிடையாது என்று நீதிபதிகள் நிறுத்தி வைத்துவிட்டார்கள். காகிதங்கள் வெளியே வர வழி பிறந்த பிறகு, 2009 ஜனவரியில்தான் விசாரணை தொடங்கியது. 2012-ல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி 14 வருஷ தண்டனை கிடைத்தது. பிள்ளைகளைப் படையில் சேர்த்த மனிதனுக்கு அந்த மரியாதை கிடைத்திருக்கிறது. என் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. இதை முதலில் நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். இப்போது அந்தக் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அப்பாவுக்கும் கிடைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் வழக்கு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் வழக்கு பற்றியும் தேடிப் படித்தேன். டோனிட்ஸ் என்ற ஜெர்மன் கடற்படைத் தலைவருக்காக வாதாடிய கிரான்ஸ்பூலர், அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸுக்கே எழுத்தில் கேள்வி அனுப்பிப் பதில் வாங்கினார். டோனிட்ஸின் நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை எச்சரிக்காமலே தாக்கின என்பது ஒரு குற்றச்சாட்டு; பசிபிக் கடலில் எங்கள் நீர்மூழ்கிக் கப்பல்களும் முதல் நாளிலிருந்தே அப்படித்தான் தாக்கின என்று நிமிட்ஸ் ஒப்புக்கொண்டார். நீர்மூழ்கிப் போர் விதிகளை மீறியதற்காக டோனிட்ஸுக்குத் தண்டனை கணக்கிடப்படவில்லை. மற்ற குற்றங்களுக்காகப் பத்து வருஷம் உள்ளே இருந்தார். ஜெயித்தவர்களிடமே கேள்வி கேட்டு உண்மையை வாங்கிய அந்த வக்கீலை எனக்குப் பிடித்துப்போயிற்று.

சரி, கவலைகளையும் சொல்லிவிடுகிறேன். 2012-ல் உங்கள் நீதிமன்றத்தின் வழக்கறிஞர் ஒருவர் கட்சிக்காரரைப் பார்க்க லிபியா போன இடத்தில், கூடப் போன மூவரோடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொண்டார்களே, கிட்டத்தட்ட நாலு வாரம். நீ சாட்சி தேடிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நாலு பேர்தான் நினைவில். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி அனுப்பு, எந்த நேரமானாலும் சரி.

இன்னொன்று அதைவிடப் பெரியது. காங்கோ அரசியல்வாதி பெம்பாவின் வழக்கில் அவருடைய வழக்கறிஞரே சாட்சிகளுக்குப் பணம் கொடுத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுத்த குற்றத்துக்காக 2016-ல் குற்றவாளி என்று தீர்ப்பானார். பெம்பாவோ முக்கிய வழக்கில், பத்து வருஷம் காவலில் இருந்த பிறகு, 2018-ல் மேல்முறையீட்டில் விடுதலையானார். வருஷக்கணக்கில் ஒரே மனிதனோடு ஒரே அறையில் உட்கார்ந்து பேசினால் பாசம் வந்துவிடும் கண்ணு, அது யாருக்கும் வரும். நீ போனில் உன் கட்சிக்காரரைப் பற்றிப் பேசும்போது சில சமயம் "நாங்கள் அப்போது அந்த ஊரிலேயே இல்லை" என்கிறாய். நீ இல்லைதான். அவர் இருந்தாரா இல்லையா என்பது உனக்கும் தெரியாது. அந்த "நாங்கள்" வாயில் வரும்போது மட்டும் கொஞ்சம் நிதானி.

பீரோவில் துணிக்கடியில் தாத்தாவின் மேல்முறையீட்டு மனு நகல் கிடைத்தது. நாலு பக்கம், அவர் கைப்பட எழுதியது. பதில் வரவே இல்லை. படம் எடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது ஒரு வக்கீலாக அதைப் படி. மூன்றாம் பக்கத்தில் அந்தப் பதிவேட்டின் எண்ணைக்கூடக் குறித்திருக்கிறார். அன்றைக்கு அவர் பக்கத்தில் நீ இருந்திருந்தால் முதல் கேள்வியை யாரிடம் கேட்டிருப்பாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா