டெல்லி பயணம்: கிழமை பார்த்து மாற்றிய திட்டம்

எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரியில் நாம் டெல்லி போய் இறங்குவது திங்கட்கிழமை காலை. அன்று செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில் மூன்றுக்கும் விடுமுறை. அதனால் முதல் நாள் ஹுமாயூன் கல்லறையும் குதுப் மினாரும். மினாரை அண்ணாந்து பார்த்ததோடு கிளம்பிவிடாதீர்கள். பக்கத்தில் இரும்புத் தூண் நிற்கிறது. சுமார் 1,600 வருடமாக வெயிலிலும் மழையிலும் நின்றும் துருப்பிடித்து உதிரவில்லை. வெட்டிய எழுத்துகள் கம்பிவேலிக்கு வெளியிலிருந்தே தெரியும்.

செங்கோட்டை செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் திறக்காது, ஆக்ராவுக்கு வியாழனே போய்விடுவோம்.

அக்ஷர்தாமுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. பெரியவர்கள் ஒவ்வொருவருடனும் ஒருவர் கூடவே இருங்கள். போன தடவை அம்மாவைக் கூட்டத்தில் அரை மணி நேரம் தேடினேன், அந்தப் பதைப்பு இன்னும் போகவில்லை.

அத்தைமார் கேட்டபடி புதன் மாலை மலை மந்திர் முருகன் தரிசனம் உண்டு. பங்களா சாகிப் குருத்வாராவில் தலையை மூடிக்கொள்ள ஒரு துணி வையுங்கள். ஸ்வெட்டர், ஒரிஜினல் ஆதார் அவசியம்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். வருகிறவர்கள் பெயரையும் வயதையும் ஞாயிறு இரவுக்குள் இங்கேயே போடுங்கள்.