கேட்டுப் பார், கயல்

அன்புள்ள கயல்,

பக்கத்து ஆய்வகத்தில் உனக்கு வேண்டிய மைக்ராஸ்கோப் இருக்கிறது, கேட்கத்தான் தயக்கம் என்று போனில் சொன்னாய். "எனக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்கள்மா" என்றாய். பேச்சில் எனக்குக் கோவையாக வராது, அதனால் எழுதுகிறேன்.

ரீட்டா லெவி-மொண்டால்சினியை உனக்குத் தெரியும். நரம்புகளை வளரத் தூண்டும் பொருளான நரம்பு வளர்ச்சிக் காரணிக்காக 1986-இல் உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹனோடு நோபல் வாங்கியவர். பள்ளியில் விலங்கியல் நடத்திய காலம் முழுக்க நான் பிள்ளைகளிடம் விடாமல் சொன்ன பெயர். 1938-இல் இத்தாலியில் முசோலினியின் இனச் சட்டம் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியே தள்ளியது. யூதரான ரீட்டா தூரின் நகரத்தில் தன் படுக்கையறையிலேயே கோழிக் கருவை ஆராய ஆரம்பித்தார். தையல் ஊசியைத் தீட்டிக் கருவியாக்கிக்கொண்டார். இந்தக் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். கேட்டால் ஒற்றை ஆளாக நின்று ஜெயித்த மாதிரி இருக்கும்.

அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று பார். அடைகாக்கும் பெட்டி செய்ய அண்ணன் ஜீனோ கைகொடுத்தார். அவருடைய பேராசிரியர் ஜுசெப்பே லெவிக்கும் வேலை போயிருந்தது. அவ்வளவு பெரிய மனிதர், தன் மாணவியின் அறைக்கு வந்து உதவியாளராக வேலை பார்த்தார்! குண்டுவீச்சுக்குத் தப்பிக் கிராமத்துக்குப் போன பிறகு, ரீட்டா விவசாயிகளிடம் போய், பிள்ளைகளுக்கு வேண்டும் என்று சொல்லி முட்டை வாங்கினார். பிள்ளையே கிடையாது அவருக்கு. வேலை நடக்க வேண்டும், கேட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ரியோ டி ஜெனிரோ கதைதான். போருக்குப் பிறகு, 1947-இல், கருவியல் ஆய்வாளர் விக்டர் ஹாம்பர்கர் அழைத்து ரீட்டா அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்குப் போயிருந்தார். எலிகளிலிருந்து எடுத்த சில புற்றுக்கட்டிகள் பக்கத்தில் இருந்தால் கோழிக் கருவின் நரம்புகள் தாறுமாறாக வளர்வதைக் கண்டார். கட்டியிலிருந்து ஏதோ ஒன்று கசிகிறது என்ற சந்தேகம். உடலுக்கு வெளியே திசுவை வளர்த்துப் பார்த்தால்தான் உறுதியாகும், அதற்கான வசதி அங்கே இல்லை. ரியோவில் ஹெர்தா மேயர் இருந்தார். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து தூரினில் பேராசிரியர் லெவியிடம் வேலை பார்த்து, அங்கிருந்தும் தப்பி பிரேசில் போன பெண். திசு வளர்ப்பில் கைதேர்ந்தவர். ரீட்டா அவருக்கு எழுதிக் கேட்டார். 1952-இல் கட்டி உள்ள இரண்டு எலிகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

முதலில் ஒன்றும் சரியாக வரவில்லை. அப்புறம் ஒருநாள், கட்டித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்த நரம்பு முடிச்சை, அதாவது நரம்பு செல்களின் திரளை, சுற்றி நார்கள் சூரியக் கதிர்போல் அடர்ந்து கிளம்பியிருந்தன. ஒரே நாளில்! அதன் பிறகுதான் கோஹன் வந்து, கசிந்த பொருளைப் பிரித்தெடுக்க முடிந்தது. நோபல் பரிசுக் கதையில் ஹெர்தாவின் பெயரை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்தான். நீ விடாதே.

பல்கலைக்கழகத்தை விட்டு ஒருவர், நாட்டை விட்டு ஒருவர் என்று துரத்தப்பட்ட இரண்டு பெண்கள் மூன்றாவது நாட்டில் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்த்தது அது. ரீட்டா கேட்கக் கூச்சப்பட்டிருந்தால்?

அதனால் அந்த ஆய்வகத்துக்கு இன்றைக்கே எழுது. எந்த சாம்பிளைப் பார்க்கப் போகிறாய், எத்தனை மணி நேரம் வேண்டும், உன் கேள்வி என்ன என்று மூன்று நான்கு வரி போதும். மன்னிப்புக் கேட்கிற தோரணை வேண்டாம். அவர்கள் முடியாது என்றால் வேறு ஆய்வகத்துக்கு எழுது. நேரம் கிடைத்தால், அங்கே வேலை செய்கிறவர்களின் பெயரைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள். கட்டுரை எழுதும்போது நன்றி சொல்லத் தேவைப்படும்.

அன்புடன்,
அம்மா